நிறுவனத்தின் தகவல் யார் கையில் இருக்கிறது? குமரி மாவட்டத்தில் தொழில் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கணினி வாங்கியாயிற்று, பில் போடும் மென்பொருளும் வந்தாயிற்று. ஆனாலும் போன ஓணத்துக்கு அந்தத் திருவனந்தபுரம் கடைக்கு என்ன விலை கொடுத்தோம் என்று கேட்டால், பதில் கிடைக்க அரை நாள் ஆகிறது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் கடை, ஆலை, மருத்துவமனை, கூட்டுறவுச் சங்கம் நடத்துபவர்கள் இது பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கருத்து: தொழிலின் தகவல் நிறுவனத்திடம் இருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் அது தனி ஆட்களிடம் இருக்கிறது. பாதிச் சிக்கல் அங்கிருந்துதான் வருகிறது.

எங்களுடையது சின்ன வியாபாரம். தகவலைச் சொத்து, வளம் என்றெல்லாம் சொல்வது எங்களுக்கும் பொருந்துமா?

பொருந்தும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வாங்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவர் கொண்டுவரும் பாலிலும் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்த்து, அதை வைத்துத்தான் பணம் கொடுக்கிறார். டி.ஆர்.சி. என்று எல்லோரும் சொல்லும் அந்த எண் தினமும் ஒரு நோட்டில் ஏறுகிறது. பணம் கொடுத்து முடித்ததும் அந்த நோட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே எண்களைத் தேதி, ஆள், தோட்டம் வாரியாக மூன்று வருடம் கணினியில் சேர்த்து வைத்திருந்தால், எந்தத் தோட்டத்துப் பால் மழைக்காலத்தில் எவ்வளவு நீர்த்துப்போகிறது, யாருடைய அளவு திடீரென்று மாறுகிறது, வரும் மாதம் கையில் எவ்வளவு சரக்கு இருக்கும் என்பதையெல்லாம் அவரே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். புதிதாக எதையும் சேகரிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே உழைத்துச் சேர்த்த எண்களைத் தூக்கிப் போடாமல் இருந்தாலே போதும்.

பணம், ஆள், இயந்திரம் போலத் தகவலையும் திட்டமிட்டு நிர்வகிக்க வேண்டும் என்ற எண்ணம் பழையதுதான். அமெரிக்காவில் 1980-இல் வந்த காகிதப்பணிக் குறைப்புச் சட்டம் அதை அரசுத் துறைகளின் கடமையாகவே ஆக்கியது. தகவலைச் சேகரிக்கவும் செலவாகிறது, வைத்திருக்கவும் செலவாகிறது; அப்படியிருக்க அதற்கு ஒரு கணக்கு வேண்டாமா என்பதுதான் அதன் அடிப்படை.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்க வேண்டாம். ஆலைக் கிடங்கில் முந்திரி மூட்டை குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். தகவல் தொலைந்தால் அது தேவைப்படும் நாள் வரும்வரை தெரியாது.

முதலில் எதைச் செய்ய வேண்டும்? மென்பொருள் வாங்குவதா?

வேண்டாம். முதலில் என்னென்ன தகவல் எங்கெங்கே கிடக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்தபடி போட்டால் சரியாக வராது, ஒவ்வொருவரிடமும் போய், "ஒரு பழைய விஷயம் வேண்டுமென்றால் எங்கே பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். டாலி கணக்கு மென்பொருள் இருக்கும் கணினி, எடை மேடையோடு இணைந்த கணினி, கண்காணிப்பு கேமராப் பெட்டி, மேலாளரின் சொந்த மின்னஞ்சல், டிரைவரின் போன், ஆடிட்டர் அலுவலகம் என்று எதிர்பாராத இடங்களெல்லாம் வெளியே வரும்.

பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டியவை: அது என்ன, எங்கே இருக்கிறது, யார் பார்த்துக்கொள்கிறார், நாளைக்கே தொலைந்துபோனால் என்ன நட்டம். கடைசி விஷயத்தை எழுதும்போது உரிமையாளரும் கூட இருக்க வேண்டும். எதற்கு முதலில் பணம் செலவழிப்பது என்ற முடிவு அதிலிருந்துதான் வரும்.

எங்களுக்கு எல்லாமே வாட்ஸ்ஆப்பில்தான் நடக்கிறது. அது தவறா?

தவறில்லை. தோவாளைச் சந்தையில் விடியற்காலையில் பூ விலை முடிவாகி, வண்டி களியக்காவிளை தாண்டுவதற்குள் ஆர்டர் இரண்டு முறை மாறும். அந்த வேகத்துக்கு வாட்ஸ்ஆப் தவிர வேறு வழி கிடையாது. பேசுவதற்கு அது நல்ல கருவி. பேசி முடிவான விஷயத்தை அங்கேயே விட்டுவிடுவதுதான் ஆபத்து.

போன் தண்ணீரில் விழலாம், ஊழியர் வேலையை விட்டுப் போகலாம், மறைந்துபோகும் செய்தி என்ற வசதியை யாராவது போட்டு வைத்திருக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல், ஓர் ஊழியரின் சொந்த எண்ணில் நடந்த பேச்சு முழுவதும் அவரோடு போய்விடும். வாடிக்கையாளருக்கும் உங்கள் கடையின் எண் தெரியாது, அவருடைய எண்தான் தெரியும்.

இதற்கு மூன்று விஷயங்களைச் செய்யலாம். நிறுவனத்தின் பெயரில் வாங்கிய சிம்மில் வணிகக் கணக்கு தொடங்கி, வாடிக்கையாளர் பேச்சு எல்லாவற்றையும் அந்த எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். விலை, அளவு, தேதி, கடன் தவணை ஆகிய நான்கில் எது முடிவானாலும் அன்று கடை அடைப்பதற்குள் பில் மென்பொருளிலோ ஒரு பொதுப் பட்டியலிலோ ஏற்றிவிடுங்கள். ரசீது, எடைச்சீட்டு, வங்கிப் பணப்பரிமாற்றப் படம் ஆகியவற்றை அன்றன்றே மாத வாரியான கோப்புறைக்கு மாற்றுங்கள். முதல் இரண்டு வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். யாராவது ஒருவர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டே இருந்தால் பழகிவிடும்.

இதற்கெல்லாம் யார் பொறுப்பு? கணினிக்காரரா?

நமக்கு வரும் கேள்விகளில் இதுதான் முக்கியமானது. பொறுப்பு கணினிக்காரருடையது இல்லை. அவர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வார். விலைப்பட்டியல் சரியா, நோயாளியின் வயது சரியா என்பது அவருக்கு எப்படித் தெரியும்? விற்பனைத் தகவலுக்கு விற்பனை பார்ப்பவரும், சம்பளத் தகவலுக்கு அதைப் போடுபவரும், பதிவேட்டுக்கு அதை எழுதுபவரும் பொறுப்பு. ஒவ்வொரு வகைக்கும் ஒரே ஓர் ஆளின் பெயர் இருக்க வேண்டும். "நாங்கள் எல்லோரும்தான் பார்க்கிறோம்" என்று பதில் வந்தால் யாரும் பார்ப்பதில்லை என்று பொருள்.

நம் மாவட்டத்தில் இன்னொரு நிலைமையும் உண்டு. பல குடும்பத் தொழில்களில் கடையைப் பார்ப்பவர் அப்பா. கடவுச்சொல் தெரிந்தவர் வளைகுடாவிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் மகன். ஜிஎஸ்டி தளத்தில் பதிவான போன் எண் சில வருடம் முன்பு பிரிந்துபோன பங்காளியுடையது. கடையின் கூகுள் வரைபடப் பக்கத்தைத் தொடங்கியது எப்போதோ வேலை பார்த்த ஒரு பையன். இணையதளப் பெயரை வாங்கியது அதை வடிவமைத்துக் கொடுத்தவர், அதுவும் அவர் பெயரிலேயே. எல்லாம் நன்றாக இருக்கும்வரை இது எதுவும் தெரியாது. மனத்தாங்கல் வந்தாலோ, ஒருவர் காலமானாலோ தொழிலே நின்றுபோகும்.

ஆகவே இந்த வாரமே இவற்றைப் பாருங்கள்: ஜிஎஸ்டி, வருமான வரி, வங்கி, மின்னஞ்சல், இணையதளப் பெயர், பில் மென்பொருளின் உரிமம். ஒவ்வொன்றும் எந்த மின்னஞ்சலில், எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது? ஓடிபி யாருக்குப் போகிறது? அவை எல்லாவற்றையும் நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கும் நிறுவனத்தின் எண்ணுக்கும் மாற்றுங்கள். கடவுச்சொற்களை ஒரு கடவுச்சொல் மேலாண்மைச் செயலியில் வையுங்கள். அதன் முதன்மைக் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, உறையில் ஒட்டி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்திலேயே வைக்கலாம். இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டாம்.

கோப்புகளுக்கு எப்படிப் பெயர் வைப்பது?

தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் முன்னால் போடுங்கள். அப்புறம் ஆள் அல்லது கடையின் பெயர், அதன்பின் என்ன ஆவணம் என்பது. "2025-08-14 தக்கலை கடை வாடகை ஒப்பந்தம்" என்று இருந்தால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். "புதியது", "கடைசி", "கடைசி திருத்தியது" என்ற சொற்களைக் கோப்புப் பெயரில் போடாதீர்கள். எது கடைசி என்று யாருக்கும் தெரியாமல் போவது அதனால்தான்.

பழைய தமிழ்க் கோப்புகளைத் திறந்தால் புரியாத எழுத்துகளாக வருகின்றன. என்ன காரணம்?

சங்கங்கள், பள்ளிகள், அச்சகங்கள் எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து ஏமாற்றி வேலை செய்தவை. திரையில் பார்க்கும் நமக்கு அது தமிழ். கணினிக்கோ அது பொருளில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டம். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் உண்மை வெளியே வந்துவிடுகிறது. எழுத்துருவைத் திரும்ப நிறுவினால் படிக்கலாம், ஆனால் தேட முடியாது. "கிருஷ்ணன்கோவில்" என்று தட்டச்சு செய்தால் பத்து வருட நடவடிக்கைக் குறிப்பில் ஒன்றுகூடக் கிடைக்காது. தேட முடியாத தகவல் நிறுவனத்துக்கு எதற்கு உதவும்?

உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்கும் பொது முறைதான் யூனிகோடு. தமிழ் அதில் 1991-இலேயே இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. இன்றைக்கு எல்லா போன்களிலும் அதுதான். அதனால் இரண்டு முடிவுகளை எடுங்கள். இனி எழுதுவது எல்லாம் யூனிகோடில் மட்டும். தட்டச்சுக் கடையில் கொடுத்தாலும் அப்படியே கேட்டு வாங்குங்கள். பழையவற்றில் முக்கியமானதை மட்டும் மாற்றுங்கள். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் உண்டு. மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்த்தே ஆகவேண்டும், ஏனென்றால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள் சிதைந்துபோயிருக்கும். மூலக் கோப்பையும் அழிக்காதீர்கள்.

ஒரே வாடிக்கையாளர் எங்கள் கணினியில் நாலு பெயரில் இருக்கிறார். எப்படிச் சரிசெய்வது?

முதலெழுத்து முன்னால் ஒரு பில்லில், பின்னால் இன்னொன்றில். குளச்சலையும் இரணியலையும் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். "விளை" என்று முடியும் ஊர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை இருக்கின்றன! ஒரே பெயரில் ஒரே ஊரில் மூன்று பேர் இருப்பதும் சகஜம். எனவே பெயரை நம்பி ஆளை அடையாளம் காண முடியாது.

ஒவ்வொருவருக்கும் ஒரு வாடிக்கையாளர் எண் கொடுங்கள். புதிதாக ஒருவரைச் சேர்க்கும் முன் போன் எண்ணைத் தட்டிப் பார்த்து, ஏற்கெனவே இருக்கிறாரா என்று பார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள். வியாபாரிகளாக இருந்தால் ஜிஎஸ்டி எண்ணே நல்ல அடையாளம். ஊர்ப் பெயரைக் கையால் எழுத விடாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். பின்கோடும் கூட இருக்கட்டும். நாகர்கோவில் 629001, மார்த்தாண்டம் 629165 என்று எண்ணாகப் போட்டால் எழுத்துப்பிழைக்கு இடமில்லை.

பழைய குழப்பத்தைச் சரிசெய்ய ஒரு வழி: பாக்கி அதிகம் உள்ள கணக்குகளில் தொடங்குங்கள். நாலு பெயரில் பிரிந்து கிடக்கும் கடனை ஒன்று சேர்த்தால் வரவேண்டிய உண்மையான தொகை அன்றைக்கே தெரியும். இந்த வேலையின் பலனை உரிமையாளர் நேரில் பார்ப்பதும் அங்கேதான்.

எக்செல் போதாதா?

சின்ன அளவுக்குப் போதும். ஒருவர் எழுதி, ஒருவர் பார்க்கும்வரை சிக்கலில்லை. இரண்டு பேர் ஆளுக்கொரு பிரதியைத் திருத்தத் தொடங்கினால் கைவிட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பெரிய இடங்களிலும் இதில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு கொரோனா முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியது. அந்த வடிவம் ஒரு தாளில் 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது. மீதி வரிகள் சத்தமில்லாமல் விடுபட்டன. ஒரு வாரத்தில் 15,841 தொற்றுகள் கணக்கில் வராமல் போயின. அந்த நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடுவதும் தாமதமானது. கருவியின் எல்லை தெரியாமல் அதில் சுமையை ஏற்றியதால் வந்த வினை அது.

எந்தப் பதிவை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்?

ஜிஎஸ்டி கணக்குகளையும் ஆவணங்களையும், அந்த வருடத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2023-24 கணக்கு என்றால் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. ஆகவே 2030 டிசம்பர் 31 வரை. மேல்முறையீடு ஏதாவது நடந்துகொண்டிருந்தால், அது முடிந்து ஒரு வருடம் வரை அல்லது இந்த 72 மாதங்கள், எது பின்னால் வருகிறதோ அதுவரை. கணக்கைக் கணினியில் வைத்திருந்தால் அதற்குக் காப்புப் பிரதி இருக்க வேண்டும் என்றும் ஜிஎஸ்டி விதிகளே சொல்கின்றன.

கம்பெனியாகப் பதிவு செய்த நிறுவனங்களுக்கு 2013-ஆம் வருடக் கம்பெனிகள் சட்டப்படி எட்டு நிதியாண்டுகள். அத்துடன் 2023 ஏப்ரல் 1 முதல் அவர்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், யார் எப்போது எந்தப் பதிவைத் திருத்தினார் என்ற தடத்தைப் பதிவு செய்ய வேண்டும். அந்த வசதியை அணைத்து வைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும். கம்பெனிகள் சட்டத்தின் இந்த விதி தனிக்கடைகளுக்கும் கூட்டு வியாபாரத்துக்கும் பொருந்தாது. ஆனாலும் அந்த வசதி உங்கள் மென்பொருளில் இருந்தால் இயக்கி வையுங்கள் என்றுதான் சொல்வோம். பணப்பெட்டியைத் தொடுபவர்கள் நேர்மையானவர்களாக இருக்கும்போது அந்தத் தடம் அவர்களைத்தான் காப்பாற்றும்.

மருத்துவமனைகளில், மருத்துவர்களுக்கான 2002-ஆம் வருட நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளிப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மூன்று வருடம் என்பது குறைந்தபட்சம்தான். வழக்கு வரக்கூடிய சிகிச்சைகளின் பதிவுகளை அதற்கு மேலும் வையுங்கள்.

இவற்றைத் தவிர, சட்டம் கேட்காவிட்டாலும் தொழில் கேட்கும் தகவல் உண்டு. விலை வரலாறு, இயந்திரப் பழுது விவரம், எந்தப் பருவத்தில் என்ன விற்றது என்பவை. அவற்றுக்குக் காலக்கெடு உங்கள் முடிவு.

காலம் முடிந்தவற்றை அழித்துவிடலாமா? இடம்தான் நிறைய இருக்கிறதே, கிடக்கட்டும் என்று விட்டால் என்ன?

முன்பு அப்படி விட்டதில் பெரிய கேடு இல்லை. இப்போது மக்களின் சொந்தத் தகவல் விஷயத்தில் சட்டம் வந்துவிட்டது. 2023-இல் நிறைவேறிய எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எந்த நோக்கத்துக்காக வாங்கினீர்களோ அது முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலொழிய, அந்தத் தகவலை அழிக்க வேண்டும். பாதுகாக்கத் தவறி வெளியே கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பும் கொடுக்க வேண்டும். நம் மாவட்டத்தில் தமிழோடு மலையாளத்திலும் தயார் செய்துவைத்தால் நல்லது.

லாட்ஜுகளில் விருந்தினர்களிடம் வாங்கும் ஆதார் நகல்களைப் பாருங்கள். கன்னியாகுமரிக்கு வருகிற பயணிகளின் அடையாள அட்டைப் படங்கள் வரவேற்பு மேஜைப் போனில் வருடக்கணக்கில் கிடப்பது யாருக்கு நல்லது? வேண்டிய அளவுக்கு மேல் வாங்காதீர்கள். வாங்கியதை ஒரே இடத்தில் பூட்டி வையுங்கள். காலம் முடிந்ததும் அழித்து, அழித்த தேதியை எழுதி வையுங்கள்.

காப்புப் பிரதி எடுக்கிறோம். அது போதுமா?

எங்கே வைத்திருக்கிறீர்கள்? கணினிக்குப் பக்கத்து மேசை இழுப்பறையில் என்றால் போதாது. 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2021 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் வீடுகளுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் புகுந்தது. கணினியும் அதன் பிரதியும் ஒரே அறையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று வேறு.

உலகம் முழுவதும் சொல்லப்படும் எளிய விதி ஒன்று உண்டு: மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு ஊரில். நாகர்கோவில் கடைக்கு ஒரு பிரதி கணினியில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், மூன்றாவது இணையச் சேமிப்பில் என்றால் சரி. எடுத்து முடித்ததும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைக்க வேண்டும் என்பதை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றி வைப்பது ஏன் முக்கியம்? 2017 ஜூனில் நோட்பெட்யா என்ற நச்சுநிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. பயனர் கணக்குகளைக் காக்கும் அதன் சேவையகங்கள் ஒன்றின் பிரதியை ஒன்று வைத்திருந்தன; எல்லாம் இணைப்பிலேயே இருந்ததால் எல்லாம் ஒன்றாக அழிந்தன. கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது, அதுவும் அந்த நேரத்தில் அங்கே மின்சாரம் போயிருந்ததால். அந்த ஒரு பிரதியை வைத்துத்தான் மீண்டார்கள். மின்வெட்டு செய்த அந்த வேலையை உங்கள் வீட்டில் கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்க் செய்யும்.

எடுத்த பிரதியைத் திரும்ப ஏற்றிப் பார்க்காமல் நம்பவும் கூடாது. அதே வருடம் ஜனவரி 31 அன்று கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு தரவுத்தளம் தவறுதலாக அழிந்தது. ஐந்து வகைக் காப்பு முறைகள் வைத்திருந்தும் எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். ஓர் ஊழியர் ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்திருந்த பிரதிதான் கைகொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பழைய பிரதியிலிருந்து ஒரு மாதக் கணக்கை வேறு கணினியில் திறந்து பாருங்கள்.

எங்கள் நிலத்துக்கான பழைய பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கின்றன. ஸ்கேன் செய்து வைத்தால் போதுமா?

1956 நவம்பர் 1-க்கு முன் இந்தப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்ததால் பல குடும்பங்களிலும் சங்கங்களிலும் இப்படி மலையாளப் பத்திரங்கள் உண்டு. ஸ்கேன் செய்யுங்கள், 300 டிபிஐ தரத்தில், நிறத்தோடு, பின்பக்கத்தையும் சேர்த்து. முத்திரையும் குறிப்பும் பின்பக்கத்தில்தான் இருக்கும். அதோடு நிறுத்தாமல், மலையாளம் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரை வைத்து, ஒவ்வொன்றுக்கும் யார் யாருக்கு எழுதியது, எந்த வருடம், சர்வே எண், எல்லை என்று தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதி அதே கோப்புறையில் சேர்த்துவிடுங்கள். கொல்லம் ஆண்டாக இருந்தால் ஆங்கில வருடத்தையும் போடுங்கள். 825 கூட்டினால் ஏறக்குறைய வந்துவிடும். பழைய கையெழுத்தைப் படிக்கக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று மன்றாடியே கேட்கிறோம்.

மூலப் பத்திரத்தை எக்காரணம் கொண்டும் எறியக் கூடாது. ஸ்கேன் அதற்கு மாற்றாகாது.

நீண்ட காலம் வைக்க வேண்டியவற்றை பிடிஎஃப்-ஏ என்ற வடிவில் சேமியுங்கள். 2005-இல் ஐஎஸ்ஓ தரமாக வந்தது. எழுத்துரு உட்பட எல்லாவற்றையும் கோப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். இங்கிலாந்தில் 1986-இல் பிபிசி நாடு முழுவதும் தகவல் திரட்டி லேசர் தட்டுகளில் பதிந்தது. பதினைந்து வருடத்தில் அதைப் படிக்கும் கருவி கிடைப்பதே அரிதாகிவிட்டது. அந்தத் திட்டத்துக்குத் தூண்டுகோலாக இருந்த, 1086-ஆம் வருடத்து 'டோம்ஸ்டே' என்ற நிலக் கணக்குத் தோல் ஏட்டையோ இன்றும் படிக்கலாம். உங்கள் அலமாரியில் சிடிக்கள் இருந்தால் இந்த மாதமே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கணினியில் இருக்கும் பதிவு நீதிமன்றத்தில் செல்லுமா?

செல்லும். 2000-ஆம் வருடத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவுக்கு அங்கீகாரம் கொடுத்தது. உயில் போன்ற சில ஆவணங்கள் மட்டும் விலக்கு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, பதிவோடு ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டும். ஒரு பகுதியில் பதிவைத் தாக்கல் செய்பவரும், மற்றதில் ஒரு வல்லுநரும் கையொப்பமிட வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் அதில் குறிக்க வேண்டும். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு வரும் நீளமான குறியீடு அது. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அதுவும் மாறிவிடும்.

ஆகவே தகராறு வரும் என்று தெரிந்தவுடன் அந்தக் கோப்பையும் போனையும் தொடாமல் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிட்டு மூலத்தை அழிப்பவர்கள் உண்டு, வழக்கே பலவீனமாகிவிடும். மேற்கொண்டு வக்கீலிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இணையச் சேமிப்பில் வைப்பது பாதுகாப்பா?

பெரும்பாலும் உங்கள் கடைக் கணினியைவிடப் பாதுகாப்புதான். கடவுச்சொல்லோடு ஓடிபி போன்ற இன்னொன்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருக்க வேண்டும். கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். கம்பெனிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கணக்குப் புத்தகங்களின் காப்புப் பிரதி இந்தியாவில் உள்ள சேவையகத்தில் தினமும் ஏற வேண்டும் என்பது விதி.

கணினி முடக்கப்பட்டாலோ, பணம் போனாலோ யாரிடம் சொல்வது?

பணம் போயிருந்தால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்புண்டு. கம்பெனிகள், சேவை வழங்குபவர்கள் போன்றோர் குறிப்பிட்ட வகை இணையத் தாக்குதல்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28 ஆணை அது. பாதிக்கப்பட்ட கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள், ஆனால் எதையும் அழிக்காதீர்கள்.

வாடிக்கையாளர் பட்டியலை செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு ஆராயச் சொல்லலாமா?

ஊழியர்கள் இப்போதே செய்துகொண்டிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். இலவசச் செயலியில் ஏற்றியது உங்கள் கையை விட்டுப் போய்விட்டது என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளரின் தகவலுக்குச் சட்டப்படி பொறுப்பு உங்களுடையது, நீங்கள் வேறொருவரிடம் கொடுத்திருந்தாலும்கூட. எனவே எதை ஏற்றலாம், எதை ஏற்றக் கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதி, மேசைக்கு மேல் ஒட்டுங்கள். எந்த மாதம் எந்தச் சரக்கு அதிகம் போனது என்று அறியப் பெயரும் போன் எண்ணும் தேவையே இல்லை. அந்த இரண்டு பத்திகளையும் நீக்கிவிட்டு, வாடிக்கையாளர் எண்ணை மட்டும் வைத்து ஏற்றினால் வேலை நடந்துவிடும்.